மூடிய பள்ளியில் மார்க் யாருக்கு?





ஐப்பசி பிறந்து வானம் இருட்டினாலே சென்னை வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கு லீவா?" கலெக்டர் அறிவித்துவிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். அம்மாக்களுக்கு வேறு கவலை. போர்ஷன் முடியுமா? அரையாண்டு தள்ளிப்போகுமா? சனிக்கிழமையும் வகுப்பு வைப்பார்களா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வு அடுத்த வருஷம் ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தள்ளிவைத்தார்கள். சில நாள் மழைக்கே இப்படி என்றால், 2020இல் கொரோனாவால் தொடங்கிய அந்த நீண்ட லீவை இவ்வளவு சீக்கிரம் நாம் மறந்திருக்கக் கூடாது. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் 2020 மார்ச்சில் கழற்றி வைத்த புத்தகப் பையை, முறையாக மறுபடி மாட்டியது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான்.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பேசப்பட்ட ஒரு கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் நேரான பதில் இல்லை. பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளைக்கு எப்படி மார்க் போடுவது?

"அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே" என்று நினைக்காதீர்கள். அடுத்த தொற்றோ அடுத்த புயலோ சொல்லிவிட்டு வரப்போவதில்லை. எல்லாரும் நிதானமாக இருக்கும்போது பேசி வைப்பதுதானே புத்திசாலித்தனம்?

முதலில், நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம்.

2020 மார்ச் 24. பிளஸ் டூவுக்குக் கடைசித் தேர்வு. அன்று மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க ஊரடங்கு. பஸ் கிடைக்காமல், பயத்தில் வெளியே வராமல், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த ஒரு தேர்வை எழுதவில்லை. அவர்களுக்காக ஜூலை 27 அன்று மறுபடி தேர்வு நடத்தினார்கள்.

பத்தாம் வகுப்பின் பாடு இன்னும் மோசம். மார்ச் 27 அன்று தொடங்கவேண்டிய தேர்வு ஜூன் 1 என்றானது, பிறகு ஜூன் 15 என்றானது. இரண்டரை மாதம் அந்தப் பிள்ளைகள் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் மட்டும் தினமும் ஆயிரத்தைத் தாண்டித் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். லட்சக்கணக்கான பிள்ளைகளை ஏன் ஆபத்தில் தள்ளவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. ஜூன் 9 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்தார்.

தேர்வு இல்லையென்றால் மார்க் எங்கிருந்து வரும்? காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்றார்கள். ஆகஸ்ட் 10 அன்று ரிசல்ட் வந்தது. 9,39,829 பேர் தேர்ச்சி. நூற்றுக்கு நூறு.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எத்தனை வீடுகளில் தூக்கிவாரிப்போட்டது! காலாண்டுத் தேர்வை நம் வீட்டில் யார் பெரிதாக எடுத்துக்கொள்வோம்? "இது சும்மா பிராக்டீஸ், பப்ளிக்கில் பார்த்துக்கலாம்" என்று நாமே சொல்லியிருப்போம். ஆசிரியர்களும் அப்போதுதான் பயந்து படிப்பான் என்று கை இறுக்கித்தான் திருத்துவார்கள். பயமுறுத்தப் போட்ட அந்த மார்க், ஒரே நாளில் நிரந்தரச் சான்றிதழ் மார்க்காகிவிட்டது. அரையாண்டு விடைத்தாள் பல வீடுகளில் அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பதிவு செய்திருந்தவர்கள் 9,45,077 பேர். பட்டியலில் வந்தவர்களைக் கழித்தால் 5,248 பேர் குறைகிறார்கள். இவர்கள் எங்கே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. காலாண்டு, அரையாண்டுக்கே வராதவர்கள் அதில் பெரும்பகுதி. 'ஆல் பாஸ்' என்ற சொல்லுக்குள்கூட எல்லாரும் அடங்கவில்லை.

அடுத்த வருஷம் வேறு மாதிரி. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குச் சட்டமன்றத்திலேயே ஆல் பாஸ் அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இல்லை, 'தேர்ச்சி' என்ற ஒற்றை வார்த்தைதான். பிளஸ் ஒன் சேர்க்கையில் யாருக்கு சயின்ஸ் குரூப், யாருக்கு காமர்ஸ் என்று பிரிக்க வழி தெரியாமல் பள்ளிகள் திண்டாடின.

பிளஸ் டூ தேர்வை மே மாதம் எப்படியும் நடத்துவது என்றிருந்தார்கள். இரண்டாம் அலை விடவில்லை. ஜூன் 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ரத்து செய்தார். இந்த முறை புது ஃபார்முலா: பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை மற்றும் இன்டர்னலிலிருந்து 30 சதவீதம். ஜூலை 19 அன்று 8,16,473 பேருக்கு ரிசல்ட். மறுபடியும் நூற்றுக்கு நூறு. மார்க்கைத் தசமப் புள்ளியோடு கொடுத்தார்கள். எழுதாத தேர்வுக்குப் புள்ளி சுத்தமாக மார்க்!

இந்த ஃபார்முலாக்களை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நெருக்கடியில் அதிகாரிகள் கையில் இருந்ததை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். பிள்ளைகள் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருந்ததுதான் முதல் மார்க். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த ஃபார்முலா யாருக்குச் சாதகமாக இருந்தது, யாரைக் கைவிட்டது என்று பார்த்தால்தானே அடுத்த முறை சரியாகச் செய்ய முடியும்?

நம் பையன்களில் ஒரு ரகம் உண்டு. பத்தாம் வகுப்பில் ஏனோதானோ. பிளஸ் ஒன்னில் கிரிக்கெட். பிளஸ் டூ வந்ததும் ஏதோ ஞானம் பிறந்ததுபோல உட்கார்ந்து படிப்பான். நான்கே மாதத்தில் ஆளே மாறிவிடுவான். உங்கள் குடும்பத்தில், உங்கள் தெருவில் அப்படி ஒருவன் இல்லாமல் இருக்கமாட்டான். 2021இன் கணக்கில் அவனுக்குக் கிடைத்தது, இரண்டு வருஷத்துக்கு முந்தைய அவனுடைய பழைய மார்க். முழித்துக்கொண்ட வருஷத்துக்குக் கணக்கில் பங்கு கொஞ்சம்தான்.

சிபிஎஸ்இ பிள்ளைகளின் கதையும் அதிகம் மாறவில்லை. 30, 30, 40 என்று பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் கலந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: பள்ளியின் முந்தைய மூன்று வருஷ ரிசல்ட்டில் எது நன்றாக இருந்ததோ அதையொட்டித்தான் இந்த வருஷச் சராசரியும் இருக்கவேண்டும். பள்ளிகள் வாரி வழங்கிவிடக்கூடாது என்பதற்கான கடிவாளம் அது. நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் பெண்ணின் மார்க்குக்கும், மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத அக்கா எடுத்த மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?

இதையே இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் கணக்காகச் செய்துபார்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 13 அன்று அங்கே ஏ-லெவல் ரிசல்ட் வந்தது. ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் கணக்கு கீழே இறக்கிவிட்டது. இதுவரை சுமாரான ரிசல்ட் காட்டிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு அடி பலமாக விழுந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர் கொடுத்த கிரேடே செல்லும் என்றது.

நம் ஊரில் அதை வைத்துப் பாருங்கள். ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, நன்றாகப் படிக்கும் பெண்ணை "உங்கள் பள்ளியில் இதுவரை யாரும் இவ்வளவு எடுத்ததில்லை" என்று சொல்லிக் கீழே இறக்கினால் நமக்குப் பொறுக்குமா?

இதெல்லாம் பொதுத்தேர்வு விவகாரம். மற்ற வகுப்புகளில் என்ன நடந்தது?

எங்கள் பத்திரிகை அலுவலகம் இருக்கும் கோபாலபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வை சண்முகம் சாலையில், பழைய ஆட்களுக்கு அது இன்னும் லாயிட்ஸ் ரோடுதான், காலை எட்டு மணிக்கு ஒரு நடை போனால் சிபிஎஸ்இ யூனிஃபார்மும் வரும், அரசு உதவி பெறும் பள்ளி யூனிஃபார்மும் வரும், மாநகராட்சிப் பள்ளி யூனிஃபார்மும் வரும். ஒரே சாலை, ஒரே சிக்னல். 2020இல் இந்த மூன்று பிள்ளைகளும் "வீட்டிலிருந்து படித்தார்கள்" என்றுதான் ஏட்டில் இருக்கும்.

எந்த வீட்டிலிருந்து?

முதல் வீட்டில் அப்பாவுக்கு லேப்டாப், பிள்ளைக்கு டேப்லெட், கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை. "மியூட்ல போடுங்கப்பா" என்பதுதான் அங்கே பெரிய சண்டை. இரண்டாவது வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்ஃபோன். அப்பா உணவு டெலிவரிக்குப் போனால் ஃபோனும் கூடப் போகும். இரவு பத்து மணிக்கு அவர் வந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்க்கமுடியும். மூன்றாவது வீட்டில் கல்வித் தொலைக்காட்சி. 2020 ஜூலையில் அதில் பாடம் ஒளிபரப்பத் தொடங்கியது பெரிய உதவிதான். ஆனால் அக்காவுக்கும் தம்பிக்கும் டிவி ஒன்று. அந்த வீட்டு அம்மா வேலை செய்த ஃபிளாட்டில் "வெளியாட்கள் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அரிசிக்கே வழி தேடிக்கொண்டிருக்கும்போது, பிள்ளை எந்தப் பாடத்தைப் பார்த்தது என்று யார் கேட்பார்கள்?

இந்த மூன்று பிள்ளைகளுக்கும் அந்த மாதங்களுக்கு மார்க் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் யாருக்குப் போகிறது? ஒரு வீட்டின் வைஃபைக்கு. ஒரு தனி அறைக்கு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் இருந்த ஒரு அம்மாவுக்கு.

வசதியான வீட்டிலாவது அது சரியான மார்க்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கூகுள் ஃபார்மில் டெஸ்ட் வந்தபோது நம் வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நின்று "பி போடு, பி போடு" என்று சொன்ன அப்பாக்கள் இந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். 25க்கு 25 வந்தது. அதில் பிள்ளையின் பங்கு எத்தனை?

ஃபீஸ் பிரச்சினை வேறு. சம்பளம் பாதியாகிவிட்ட வீடுகளில் கட்டணம் கட்ட முடியவில்லை. பள்ளிகளுக்கும் ஆசிரியர் சம்பளம் கொடுக்கவேண்டிய கட்டாயம். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று வழி சொல்லவேண்டியிருந்தது. கட்டணம் கட்டாத பிள்ளை ஆன்லைன் வகுப்புக்கு வெளியே நின்றால், வகுப்புக்கு வராததற்காக அதன் மார்க்கும் குறையுமா? அப்பாவின் பேங்க் பேலன்ஸுக்கும் பிள்ளையின் கணக்குப் பாடத்துக்கும் முடிச்சுப் போடுவது எந்த ஊர் நியாயம்?

அதனால் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளி மூடியிருக்கும் மாதங்களுக்கு மார்க் போடக் கூடாது.

பாடம் நடக்கட்டும். வீட்டுப்பாடம் கொடுக்கட்டும். பிள்ளை எழுதி அனுப்பியதை ஆசிரியர் படித்து, எது சரி, எது தப்பு என்று சொல்லட்டும். ரெஜிஸ்டரில் எண்ணாக மட்டும் ஏறவேண்டாம்.

"அப்படியானால் பழையபடி ஆல் பாஸ் என்று விட்டுவிடலாமே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

ஆல் பாஸ் கேட்க இனிப்பாக இருந்தது. 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த கல்லூரி மாணவர்களின் அரியர் எல்லாம் பாஸ் என்று அறிவிப்பு வந்தபோது, அப்போதைய முதல்வரைக் கடவுளாக்கி பேனர் வைத்தார்கள். பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) ஏற்கவில்லை, வழக்கு வந்தது. தேர்வே இல்லாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னது. முடிந்தது என்று நினைத்த பிள்ளைகள் மறுபடி தேர்வுக்கு உட்கார்ந்தார்கள்.

பள்ளிகளில் ஆல் பாஸின் விலை இன்னும் தாமதமாகத் தெரிந்தது. 2021இல் மார்க் இல்லாமல் 'தேர்ச்சி' வாங்கிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2023 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வுக்கு வந்தார்கள். இல்லை, ஒரு பகுதியினர் வரவில்லை. மொழிப்பாடத் தேர்வன்றே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆப்சென்ட். மாநிலமே அதிர்ந்தது. வறுமை, வேலைக்குப் போனது, குடும்பச் சூழ்நிலை என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு, பத்தாவதில் தடுக்கியது யாருக்கும் தெரியாமலே பன்னிரண்டுவரை பெயரளவில் தள்ளப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த வருஷத் தேர்ச்சி 94.03 சதவீதம். தேர்வுக்கு வராதவர்கள் அந்த சதவீதத்தில் சேர மாட்டார்கள் என்பதை யாரும் பேனரில் போடுவதில்லை.

பாஸ் போட்டது தப்பில்லை. பாஸ் போட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்று பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

மார்க் போடுவது வேறு, அளப்பது வேறு. தையற்காரர் அளவெடுப்பது சட்டை சரியாக உட்காரத்தான். "நீ குள்ளம்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதற்கு அல்ல.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, படித்த பெண்கள் தன்னார்வலர்களாகப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்த வேலை சின்னதில்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லையா? பரவாயில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடு என்றார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளை ஃபெயில் இல்லை. ஆனால் அது அரும்பில்தான் இருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து கொரோனா காலம் நம் கல்விக்குக் கொடுத்த நல்ல பாடம் இதுதான்.

அப்படியானால் அடுத்த முறை என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சரியா என்று உங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள்.

ஒன்று: ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி திறந்திருந்த நாட்களில் நடந்த தேர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் நன்றாகச் செய்த சிலவற்றை மட்டும் கணக்கில் வைக்கலாம். ஒரு காலாண்டில் காய்ச்சலோடு எழுதிய பிள்ளைக்கு அது ஆயுள் தண்டனையாகக் கூடாது. யாரையும் நிறுத்திவைக்க வேண்டாம். பள்ளி திறந்த முதல் வாரத்தில், மார்க் இல்லாமல் ஒரு சின்ன சோதனை. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இணைப்புப் பாடம்.

இரண்டு: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சான்றிதழ் தேவை. கல்லூரி கேட்கும், வேலை கேட்கும். அதற்கு முழு வருஷத்தையும் ஒரே மார்ச் மாதத்தில் கட்டித் தொங்கவிடாமல் இரண்டாகப் பிரித்து வைக்கலாம். 2021-22இல் சிபிஎஸ்இ இதைச் செய்தது. முதல் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில். இரண்டாவது அடுத்த ஏப்ரலில் தொடங்கியது. முதல் பருவத்துக்கு 30, இரண்டாவதுக்கு 70 என்று எழுத்துத் தேர்வு மார்க்கைச் சேர்த்தார்கள். குறை இருந்தது. ஆனால் நடுவில் பள்ளி மூடினாலும் கையில் ஒன்றாவது இருக்கும்.

மூன்று: கணக்குப் போட்டு வந்த மார்க்கில் திருப்தி இல்லாத பிள்ளை, நிலைமை சரியானதும் தேர்வு எழுதட்டும். இரண்டில் எது அதிகமோ அதுவே நிற்கட்டும். 2021இல் சிபிஎஸ்இ, மறுபடி எழுதினால் அந்த மார்க்கே இறுதி என்றது. அந்த நிபந்தனை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. துணிந்து எழுதிய பிள்ளைக்குக் கையில் இருந்ததும் போனால், அடுத்தவன் எப்படித் துணிவான்?

நான்கு: இதெல்லாம் ஜூன் மாதமே எழுத்தில் இருக்கவேண்டும். 2020 பேட்சுக்கு நடந்த பெரிய அநியாயமே, காலாண்டு எழுதும்போது அந்த மார்க் சான்றிதழில் ஏறும் என்று யாருக்கும் தெரியாததுதான். ஆட்டம் முடிந்த பிறகு விதியை எழுதினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இந்த நான்காவது விஷயத்துக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சுமைதான். நிம்மதிப் பெருமூச்சு விட்ட வீடுகளில் எனக்கும் சந்தோஷம். ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே நடத்தியதால்தான். 2021இன் ஃபார்முலாவில் 20 சதவீதம் அந்தப் பொதுத்தேர்விலிருந்து வந்தது. நாளை ஒரு நெருக்கடி வந்தால் அந்த 20 சதவீதத்துக்கு எங்கே போவது? பள்ளி தானே போட்ட மார்க்கை நம்புவதா? நம்புவது என்றால், அதை நம்பக்கூடியதாக வைத்திருக்க இப்போதே என்ன ஏற்பாடு?

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். பள்ளி போடும் மார்க்கை நாம் நம்புவதில்லை. "இன்டர்னல்தானே, எல்லாருக்கும் முழுசா போட்டுவிடுவார்கள்" என்கிறோம். இல்லையென்றால், "டியூஷன் வந்தால் போடுவார், வராவிட்டால் குறைப்பார்" என்கிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்று வருஷம் முழுக்கப் பார்த்த ஒரே ஆள் அந்த டீச்சர்தான். மூன்று மணி நேரத் தேர்வுத்தாளைத் திருத்தும் முகம் தெரியாத ஒருவரைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவரை நம்பாமல் எந்த ஃபார்முலாவும் நிற்காது.

நம்பிக்கைக்கு ஒரு காவலும் வைக்கலாம். ஒரு பள்ளியின் உள்தேர்வு விடைத்தாள்களில் கொஞ்சத்தை எடுத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பார்க்கட்டும். கை தாராளமாக இருந்தாலும் தெரியும், இறுக்கமாக இருந்தாலும் தெரியும். அந்த விடைத்தாளை வருஷ முடிவு வரை பத்திரமாக வைத்திருக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு பயம் வரலாம். வருஷம் முழுக்க ஒவ்வொரு டெஸ்டும் கணக்கில் சேர்ந்தால் பிள்ளைக்கு ஓய்வே இருக்காதே என்று. நியாயமான பயம். நம் ஊரில் எதைக் கணக்கில் சேர்த்தாலும் அதற்கு ஒரு கோச்சிங் கிளாஸ் முளைத்துவிடும். அதனால்தான் நிறைய டெஸ்ட் வைத்து, நன்றாகச் செய்த சிலவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்கிறேன். ஒரு நாள் சறுக்கினால் பரவாயில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதி டென்ஷன் போய்விடும்.

மார்க் இல்லாவிட்டால் பிள்ளை படிக்குமா என்றும் சிலர் கேட்பார்கள். 2017இலேயே தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போதும், ரேங்க் இல்லாமல் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் படிக்காமலா போய்விட்டார்கள்? முதல் மூன்று பேர் போட்டோ பேப்பரில் வராமல் போனது, அவ்வளவுதான்.

கடைசியாக அந்தப் பிள்ளைகளைப் பற்றி. 'கொரோனா பேட்ச்' என்ற கேலி இன்னும் நிற்கவில்லை. இன்டர்வியூ போனால், "ஓ, அந்த ஆல் பாஸ் செட்டா?" என்று சிரிக்கிறார்கள். அவர்கள் யாரும் தேர்வை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்துத் தொற்றை வரவழைக்கவில்லை. பதினைந்து, பதினேழு வயதில் வீட்டில் அடைந்து, சிலர் தாத்தா பாட்டியை, சிலர் அப்பா அம்மாவையே இழந்து, அதற்குப் பிறகும் படித்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் வேலைக்கு வந்தால், மார்க் ஷீட்டை மூடிவைத்துவிட்டு, என்ன தெரியும் என்று கேளுங்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள்.

முடிவெடுக்கும் இடம் எங்கள் அலுவலகத்திலிருந்து தூரமில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகம், இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கிறது. அங்கிருந்து வரவேண்டியது இரண்டு பக்க அறிக்கைதான். பள்ளி இத்தனை நாளுக்கு மேல் மூடினால், எந்த வகுப்புக்கு எப்படி மதிப்பிடுவோம் என்று ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் அதைச் சொல்லிவிடவேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் அது மாறாமல் இருக்கவேண்டும்.

அது வரும்வரை நம்மால் ஆனதைச் செய்வோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "என் பையன் என்ன ரேங்க்?" என்று கேட்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நாளைக்கே பள்ளியை இரண்டு மாதம் மூடினால், எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி மார்க் போடுவீர்கள்?" என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பதில் மட்டும் போதும். வரும் பதில்களைத் தொகுத்து வெளியிடுவதோடு, கல்வித் துறைக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்